பாடபேதம் பார்த்து வரைதல்

(யாழ்ப்பாணத்தில் சித்திர ஆசிரியர்களும் மாணவர்களும் கூடியிருந்த ஓர் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முன்வரிசைப் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்திருக்கிறேன். பழைய சஞ்சிகை ஒன்றிலிருந்து கிழித்த பக்கம். நடுவில் மடிப்பு விழுந்திருக்கும். படத்தின் மேல் பென்சிலால் கட்டம் போட்டிருக்கும், அது என்னுடைய வேலை. பார்த்துவிட்டுப் பக்கத்திலுள்ளவருக்குக் கொடுங்கோ. ஓரத்தைப் பிடியுங்கோ, விரல் வியர்வை படத்தில் படக்கூடாது. நான் கதைத்து முடிக்கும்போது தாள் கடைசி வரிசைக்குப் போயிருக்க வேண்டும்.

அந்தப் படம் பிரெஞ்சு ஓவியர் யூஜின் டெலக்ருவா 1824-ஐ ஒட்டி வரைந்தது. கல்லறைகளுக்கு நடுவே ஓர் அநாதைப் பெண் இருக்கிறாள். சட்டை தோளிலிருந்து நழுவியிருக்கிறது, கை தொடையில் சோர்ந்து கிடக்கிறது, வாய் சற்றே திறந்திருக்கிறது, கண்கள் மேலே எதையோ பார்க்கின்றன. கலை வரலாற்று நூல்களில் இதற்கு நீளமான பெயர் உண்டு. எங்கள் ஊரில் கத்தோலிக்கச் சனங்கள் இடுகாட்டைச் 'சேமக்காலை' என்பார்கள். என் மாஸ்டர் குருநகர்ப் பக்கத்து மனிதர். படத்தை என் கையில் தந்தபோது "சேமக்காலைப் பெட்டை" என்றுதான் சொன்னார். எனக்கு இன்றைக்கும் அவள் அந்தப் பெயரில்தான் இருக்கிறாள்.

1822-இல் கியோஸ் என்ற கிரேக்கத் தீவில் ஒட்டோமன் படைகள் பெரும் படுகொலை செய்தன. அதை டெலக்ருவா நாலு மீற்றருக்கு மேல் உயரமான கன்வஸில் வரைந்து 1824-இல் பாரிசில் காட்சிக்கு வைத்தார். அந்தப் பெரிய வேலைக்கு முன்னோட்டமாகத் தீட்டிய பயிற்சிப் படங்களில் ஒன்றே இந்தப் பெண் என்று கருதுகிறார்கள். இப்போது இரண்டும் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பெரிய படத்தைவிடச் சின்னதைத்தான் உலகம் அதிகம் பார்த்து வரைந்திருக்கிறது என்பது என் எண்ணம். பெரிய படத்தைப் பார்த்து வரைய யாருக்கு இடம் இருக்கிறது?

1991-ஆம் ஆண்டு. எனக்கு இருபது வயது. மாஸ்டர் தாளை நீட்டி, "இதைப் பார்த்து எண்ணெய் வர்ணத்தில் போடு" என்றார். எனக்குக் கோபம் வந்தது. சோதனை மண்டபத்தில் பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்த்தால் 'கொப்பி அடிக்கிறான்' என்று எழுப்பி விடுவார்கள். ஓவியம் பழக வந்த இடத்தில் அதையே செய்யச் சொல்கிறாரே என்று நினைத்தேன். வாயைத் திறந்து கேட்கவும் செய்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்துக் கோயிலில் நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தது. "அவர் வாசிக்கிறது ஆருடைய கீர்த்தனை?" என்று மட்டும் கேட்டார்.

யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. குருவின் கையைப் பார்த்துப் பார்த்து அடித்துப் பழகிய பிள்ளையை இங்கே யாரும் கள்ளன் என்று சொன்னதில்லை. சித்திரத்துக்கு வந்தவுடன் மட்டும் எங்களுக்கு வெட்கம் வந்துவிடுகிறது. அந்த வெட்கத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் தென் கென்சிங்டன் முறை என்று ஒன்று பள்ளிக்கூடங்களுக்கு வந்தது. அச்சடித்த அட்டையை முன்னால் வைத்து, கோடு பிசகாமல் திருப்பித் திருப்பி வரைவிக்கும் முறை. வரைகிறவனின் கண் தூங்கிவிடும், கை மட்டும் நடக்கும். அதை எதிர்த்துத்தான் பின்னால் வந்தவர்கள் 'சுயமாக வரை, சுயமாக வரை' என்று சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரி. ஆனால் அட்டையைத் தூக்கி எறிந்தபோது, பார்த்து வரைதல் என்ற பயிற்சியையும் சேர்த்து எறிந்துவிட்டோம் என்பது என் குறை.

பாரிசில் என்ன நடந்தது என்று பாருங்கோ. மன்னரின் சேகரிப்பை 1793-இல் லூவ்ரில் பொதுமக்களுக்குத் திறந்தபோது, மக்களுக்கு ஒதுக்கிய நாட்களைவிட ஓவியர்களுக்கு ஒதுக்கிய நாட்கள் கூட. அவர்கள் உள்ளே போனது வேடிக்கை பார்க்க இல்லை, பிரதி செய்ய. டெலக்ருவா அங்கே ரூபன்ஸையும் ரஃபாயலையும் பிரதி செய்தார். அந்த ரூபன்ஸ் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, 1628-இல், மட்ரிட் அரண்மனைக்குப் போய் டிஷியனைப் பிரதி செய்தவர். ஐரோப்பா முழுதும் பெயர் பெற்ற மனிதர், மாணவப் பிள்ளை மாதிரி இன்னொருவரின் படத்துக்கு முன்னால் நிற்கிறார். லூவ்ரில் இன்றைக்கும் பிரதி செய்ய அனுமதி கொடுக்கிறார்கள். இரண்டு நிபந்தனை: மூலத்தின் அளவிலேயே செய்யக்கூடாது, மூல ஓவியரின் கையொப்பத்தைப் போடக்கூடாது. கள்ளப் படத்துக்கும் பாடத்துக்கும் நடுவே அவர்கள் போட்ட கோடு அவ்வளவுதான்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அவர்களுக்கு முன்னால் மூலம் இருந்தது. எங்களுக்கு?

தெற்காசியாவில் எண்ணெய் வர்ணம் பழகிய கதையே இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. ரவிவர்மா 1848-இல் கிளிமானூரில் பிறந்தவர். திருவிதாங்கூர் அரண்மனையில் எண்ணெய் வர்ணம் தெரிந்த ராமசுவாமி நாயக்கர் அவருக்குக் கற்றுக்கொடுக்க மறுத்தார். நாயக்கரின் மாணவர் ஆறுமுகம் பிள்ளை மறைவாகச் சிலவற்றைச் சொல்லிக்கொடுத்தார் என்பார்கள். 1868-இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் உருவப்படம் தீட்ட வந்தபோது, பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதி கிடைத்தது. வர்ணம் எந்த ஒழுங்கில் கன்வஸில் ஏறுகிறது என்பதை அவர் கண்ணால் திருடிக்கொண்டார். பிறகு அவருடைய சொந்தப் படங்கள் 1894-இல் தொடங்கிய அச்சகத்தில் கல்லச்சாகி, லட்சுமியும் சரஸ்வதியுமாக எங்கள் சுவாமியறைகளுக்கு வந்து சேர்ந்தன. என் அப்பாச்சி விளக்கேற்றியது அப்படியொரு அச்சுத்தாளுக்குத்தான். அது எண்ணெய் வர்ணப் படம் ஒன்றின் நிழல் என்று அவவுக்கும் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது. எங்களுக்கு எண்ணெய் வர்ணம் வந்ததே அச்சு வழியாகத்தான்.

யாழ்ப்பாணத்தில் இந்த வேலையை ஒழுங்காகத் தொடங்கிவைத்தவர் என்றால் எஸ்.ஆர்.கனகசபையைச் சொல்ல வேண்டும். 1938-இல் அவர் வின்சர் சித்திரக் கழகத்தை ஆரம்பித்தார். இளம் பிள்ளைகள் வின்சர் தியேட்டருக்கும் இதற்கும் ஏதோ சம்பந்தம் என்று நினைக்கிறார்கள். சம்பந்தமே இல்லை. இந்த வின்சர், இலங்கையின் பிரதான சித்திர வித்தியாதரிசியாக இருந்த சார்ள்ஸ் ஃபிரீகுரோவ் வின்சர். ஐரோப்பிய நவீன ஓவியம் பற்றிய பேச்சை இந்த நாட்டு ஆசிரியர்களிடமும் ஓவியர்களிடமும் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். அடுத்த தலைமுறையில் குருநகரில் 1933-இல் பிறந்த மாற்கு மாஸ்டர் வருகிறார். விடுமுறைக்கால ஓவியர் கழகமும் அவரைச் சுற்றி வளர்ந்த மாணவர்களும் ஒரு தனிச் சொற்பொழிவுக்கு உரியவை. அவருக்காக 1987-இல் 'தேடலும் படைப்புலகமும்' என்று ஒரு நூல் இங்கே வந்தது. கையில் எடுத்தால் தெரியும், எவ்வளவு கரிசனையோடு அச்சிட்டிருக்கிறார்கள் என்று. அச்சுவேலியில் பிறந்த ஆசை இராசையா (1946–2020) இன்னொரு பக்கம், உள்ளதை உள்ளபடி தீட்டும் யதார்த்தக் கையோடு வேலை செய்தார். ஐரோப்பிய எண்ணெய் வர்ண மூலங்களை நேரில் பார்ப்பது அரிதான குடாநாட்டில் இவர்கள் வேலை செய்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

மூலம் இல்லாதவன் பிரதி செய்வது எப்படி? இதற்கு விடை ஓவியர்களிடம் இல்லை, எங்கள் பண்டிதர்களிடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். சிறுப்பிட்டி சி.வை.தாமோதரம்பிள்ளை 1887-இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். எழுதிய புலவனின் கையெழுத்து ஏடு அவரிடம் இல்லை, யாரிடமும் இல்லை. இருந்ததெல்லாம் ஏட்டைப் பார்த்து எழுதிய ஏடு, அதைப் பார்த்து எழுதிய இன்னோர் ஏடு. ஒன்றில் சிதல் அரித்திருக்கும், ஒன்றில் எழுதினவன் தூங்கி விழுந்திருப்பான். பல ஏடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது புலவன் சொல், எது எழுதினவன் பிழை என்று தீர்மானிக்க வேண்டும். அந்த வேறுபாடுகளுக்குப் பாடபேதம் என்று பெயர். 'பிரதி' என்ற சொல்லையே பாருங்கோ. தமிழில் அது நகலையும் குறிக்கும், வாசிக்கிற நூலையும் குறிக்கும்.

என் மாஸ்டர் ஒருநாள் இன்னொரு அச்சைக் கொண்டுவந்தார், ஒரு புத்தகத்தில் சின்னதாக இருந்த அதே படம். என் தாளில் அவளுடைய தோள் சிவந்திருந்தது. புத்தகத்தில் அதே தோள் பச்சை தட்டியிருந்தது. என் தாளில் வானம் மண்ணிறம். அதில் சாம்பல். "எது சரி?" என்று கேட்டேன். "இரண்டும் பிழை. சரியானதைக் கண்டுபிடி" என்றார். அன்றைக்கு நான் கொப்பி அடிப்பதை விட்டேன் என்று சொல்லலாம். இரண்டு பிழைகளுக்கு நடுவில் ஒரு மனிதன் என்ன வர்ணத்தை எடுத்திருப்பான் என்று யோசிக்கத் தொடங்கினால், பிறகு கை தானாக ஓடாது.

இனி அடுக்களை வேலைக்கு வருவோம். போரும் பொருளாதாரத் தடையுமான காலம். பாதை மூடிக்கிடந்தது, கொழும்பிலிருந்து வர்ணம் வராது. இருந்தவை ஏழு குழாய், அவற்றில் இரண்டு காய்ந்துபோனவை. கன்வஸுக்கு மாச்சாக்கு. கழுவி, மரச்சட்டத்தில் இழுத்து ஆணி அடித்து, தச்சர் பாவிக்கும் வச்சிரத்தைக் காய்ச்சி மெல்லிசாகப் பூசினோம். இந்த வச்சிரப் பூச்சு இல்லாவிட்டால் எண்ணெய் நேரே நூலில் இறங்கும், சில வருடத்தில் துணி உக்கிப்போகும். அதற்கு மேல் சுவருக்கு அடிக்கிற வெள்ளை. டேர்பன்டைன் கிடைக்காது, மண்ணெண்ணெயில் தூரிகை கழுவலாம் என்றால் விளக்குக்கே அது போதாது. பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்த காலம் அது. தூரிகையையும் அப்படித் தோய்த்துப் பார்த்தேன். நார் நாராக ஒட்டிக்கொண்டது. ஒருவரும் முயல வேண்டாம்.

எண்ணெய் வர்ணம் காய்வதைப் பற்றி ஒரு தப்பான எண்ணம் எல்லோருக்கும் உண்டு, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். நீர்வர்ணத்தில் தண்ணீர் ஆவியாகப் போய்விடும், வர்ணம் மிஞ்சும். ஆளிவிதை எண்ணெய் அப்படி எங்கேயும் போவதில்லை. காற்றிலிருந்து ஒட்சிசனை எடுத்து, திரவமாக இருந்தது மெதுவாகத் தோலாக மாறுகிறது. ஆகவே கீழே எண்ணெய் கூடிய பூச்சும் மேலே எண்ணெய் குறைந்த பூச்சும் வந்தால், மேலே உள்ளது முந்திக் காய்ந்து இறுகும், கீழே உள்ளது பிறகும் அசையும். மேற்பரப்பு வெடிக்கும். அதனால்தான் 'முதலில் வறண்டது, பிறகு கொழுத்தது' என்ற ஒழுங்கு. மாரி காலத்தில் எங்கள் ஊர் ஈரத்தில் ஒரு பூச்சுக் காய ஒரு கிழமைக்கு மேலே எடுக்கும், துணியும் தொய்யும். வெயில் காலத்தில் கெதியாகக் காயும், ஆனால் சோளகம் அடித்தால் புழுதி முழுவதும் ஈர வர்ணத்தில்தான் வந்து இருக்கும். என்னுடைய சேமக்காலைப் பெட்டையின் கழுத்தில் உண்மையான யாழ்ப்பாண மண் இருந்தது, ஒரு நுளம்பும் இருந்தது.

முதல் பூச்சு மண்ணிறம் மட்டும். அம்பர் என்ற அந்த மண்ணில் மங்கனீசு இருப்பதால் கெதியாகக் காயும். முகம், கழுத்து, தோள் எல்லாவற்றையும் இருட்டும் வெளிச்சமுமாக மண்ணிறத்திலேயே கண்டுபிடித்துவிட வேண்டும். இந்தக் கட்டத்தில் இரண்டு கிழமை இருந்தேன். அதுவரை நான் முகம் என்றால் கண், மூக்கு, வாய் என்று நினைத்திருந்தேன். மேலே தூக்கிய தலையில் கழுத்து எப்படித் தாடையைத் தாங்குகிறது, நழுவிய சட்டைக்கு மேலே தோள் எலும்பு எங்கே திரும்புகிறது என்று பார்த்தபோது, கண்ணையும் மூக்கையும் விட அந்த இடங்களில்தான் அவளுடைய பயம் இருக்கிறது என்று விளங்கியது. சும்மா பார்த்திருந்தால் ஆயிரம் தரம் பார்த்தாலும் இது எனக்குத் தெரிந்திருக்காது.

வெள்ளை வந்தபோது எல்லாம் கெட்டது. என்னிடம் இருந்தது டைட்டேனியம் வெள்ளை. 1824-இல் அப்படி ஒன்று கிடையாது, அது விற்பனைக்கு வந்ததே 1920-ஐ ஒட்டித்தான். டெலக்ருவாவின் கையில் இருந்தது ஈய வெள்ளை, கொஞ்சம் சூடான, கொஞ்சம் ஊடுபார்க்கக்கூடிய வெள்ளை. என் வெள்ளை எதை மூடினாலும் சுண்ணாம்பு அடித்த மாதிரி மூடியது. பெட்டையின் தோள் மதில் ஆகிவிட்டது. மஞ்சளும் சிவப்பும் துளித்துளியாகச் சேர்த்துத்தான் மீட்டெடுத்தேன். நீலமும் அப்படியே. நாங்கள் இன்றைக்கு மலிவாக வாங்குகிற செயற்கை அல்ட்ராமரீனுக்கு ஒரு பிரெஞ்சுக்காரர் பரிசு வாங்கியது 1828-இல். வர்ணக் குழாயே 1841-இல் வந்த சாமான். அதற்கு முன்னால் பன்றியின் சலப்பையில் வர்ணத்தைக் கட்டி வைத்து, ஊசியால் குத்திப் பிதுக்குவார்கள். பிரதி செய்கிறவன் படத்தை மட்டும் பார்த்தால் போதாது, அந்த மனிதனின் மேசையில் என்னென்ன இருக்கவில்லை என்றும் பார்க்க வேண்டும்.

இரவில் வேலை செய்தது ஜாம் போத்தல் விளக்கில். போத்தலுக்குள் பஞ்சு, பஞ்சில் கொஞ்சம் மண்ணெண்ணெய், சின்னச் சுடர். அந்த வெளிச்சத்தில் மஞ்சளும் வெள்ளையும் ஒன்று, நீலமும் கறுப்பும் ஒன்று. இரவு அழகாக முடித்த கன்னம் விடிய எழும்பிப் பார்த்தால் மஞ்சட்காமாலை வந்த கன்னம். அதற்குப் பிறகு இரவில் உருவம் மட்டும், பகலில் வர்ணம் என்று பிரித்துக்கொண்டேன்.

பகல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ரொமான்டிக் காலத்து ஓவியர்களின் நிழல் இருண்ட, ஆழமான, மண்ணிற நிழல். எங்கள் முற்றத்தில் அந்த நிழல் கிடையாது. உச்சி வெயில் வெள்ளை மணலில் பட்டுக் கீழே இருந்து திரும்ப மேலே அடிக்கும். தாவாரத்தில் இருக்கிற மனிதரின் தாடைக்குக் கீழே பார்த்தால் நிழலுக்குள்ளேயே வெளிச்சம் இருக்கும். தோலும் வேறு. கடையில் விற்கிற 'தசை நிறம்' குழாய் யாருடைய தசை என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் தோலில் ஒளி விழும் இடம் வெள்ளை தட்டாது, வானத்தின் குளிர்ந்த நீலம் தட்டும். சேமக்காலைப் பெட்டையை முடித்த கையோடு என் அம்மாவை வரைய உட்கார்ந்தேன். பழகிய ஒரு கலவையும் உதவவில்லை. உதவியது அந்த ஒழுங்குதான்: எங்கே திரும்புகிறது, எது முதலில், எது மெல்லிசு, எது தடிப்பு. பிரதி செய்து பழகினால் ஐரோப்பிய முகம்தான் வரும் என்று பயப்படுகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஒரு படத்தோடு நின்றுவிட்டால் அது நடக்கும். அடுத்த நாளே வீட்டில் ஒருவரை எதிரே இருத்துங்கோ.

வான்கோ எங்களைப் போன்றவர் என்று சில நேரம் எனக்குத் தோன்றும். 1889-இல் சென் ரெமி மனநோய் விடுதியில் இருந்தபோது அவரிடம் டெலக்ருவாவின் மூலம் இல்லை. டெலக்ருவாவின் 'பியேத்தா', இறந்த மகனைத் தாங்கும் மாதாவின் படம், கறுப்பு வெள்ளைக் கல்லச்சாக இருந்தது. அதுவும் எண்ணெயிலும் வர்ணத்திலும் விழுந்து கெட்டுப்போனது. அந்த மனக்கவலையோடு அதைப் பார்த்து வர்ணத்தில் வரைந்தார். வர்ணம் முழுதும் அவருடையது, உருவம் டெலக்ருவாவுடையது. இசை வாசிப்பவன் இன்னொருவர் எழுதியதைத் தன் வழியில் வாசிக்கிறான், அதுபோலத்தான் இதுவும் என்று தம்பிக்குக் கடிதமும் எழுதினார். என் மாஸ்டர் அந்தக் கடிதத்தை வாசித்திருப்பாரோ தெரியாது. அவருக்குக் கோயில் நாதஸ்வரம் போதுமாக இருந்தது.

1995 ஒக்ரோபர் கடைசியில் போர் காரணமாக வலிகாமம் முழுதும் ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. மாற்கு மாஸ்டரின் படங்கள் ஏராளமாக அந்த இடப்பெயர்வில் போயின. பெரிய ஓவியர் ஒருவரின் வாழ்நாள் வேலை போன இடத்தில் என் மாணவப் படத்தைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டில் கூரை ஓடுகள் இல்லை, மரச்சட்டம் இல்லை, படம் இல்லை. தமிழ் அகராதி மட்டும் கிடந்தது. அதற்குள் இந்தத் தாள் இருந்தது.

பிறகு வெகுகாலம் கழித்துப் பாரிஸ் போகக் கிடைத்தது. லா சப்பலில் தங்கியிருந்த சொந்தக்காரர் ஒருவர் லூவ்ருக்குக் கூட்டிப்போய் விட்டார். முதலில் நான் அவளைக் காணவில்லை. நான் மூன்றடி உயரத்துக்கு வரைந்த பெண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன். மூலம் 65 சென்ரிமீற்றர் உயரம், 54 அகலம். சஞ்சிகையில் அளவு போட்டிருக்கவில்லை, நான் ஊகித்ததுதான். அந்தப் பாடபேதம் பெரிதாக இல்லை. கிட்டப்போய்க் கண்ணைப் பார்த்தபோதுதான் நெஞ்சு திக்கென்றது. கண்ணில் நீர் கோர்த்து நிற்கிறது. ஒளி பட்டுச் சின்னதாய் மினுங்குகிறது. நான் வரைந்த பெண் அழவே இல்லை. என் தாளில் அந்த இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. அச்சில் விழுந்த தூசி என்று நினைத்து அதை விட்டுவிட்டேன். நான்கு மாதம் அவளோடு இருந்து, பயத்தைக் கழுத்தில் கண்டுபிடித்து, கண்ணீரை அச்சுப் பிழை என்று கழித்திருக்கிறேன்.

தாள் இப்போது எந்த வரிசையில் இருக்கிறது? பின்னால் தங்கச்சி, உங்களிடமா? கண்ணைப் பாருங்கோ. புள்ளி தெரியும். அதற்குப் பக்கத்தில் தாள் கொஞ்சம் உரிந்திருக்கும். அது தூசிதானா என்று பார்க்க 1991-இல் நான் நகத்தால் சுரண்டிய இடம். சரி, பக்கத்திலுள்ளவருக்குக் கொடுங்கோ.